பொடி மேல் விழும் பழி

காய்கறி விளையும் ஊர்களில் ஒரு வழக்குக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்ப் பொடிகள் கேட்க நன்றாக இருக்கும், வேரழுகலை நிறுத்தாது. ஒட்டன்சத்திரத்தில் கேட்டாலும் ராயக்கோட்டையில் கேட்டாலும் இதே பதில்தான். மருந்துக்கடைக்காரர் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "அது சும்மா மாவுண்ணே. கார்பன்டசிம்மைக் கலக்கி வேர்ல ஊத்துங்க, மூணே நாள்ல நின்னுடும்." பயிற்சி முகாமில் பொடியைப் புகழ்ந்து பேசுகிற அலுவலர்கள் சிலரிடம், சொந்தத் தோட்டத்துக்கு என்ன ஊற்றினீர்கள் என்று டீ குடிக்கும்போது கேட்டால் கொஞ்சம் நெளிவார்கள்.

இதை வெறும் அறியாமை என்று தள்ள முடியாது. பொடி வாங்கிப் போட்ட பிறகும் தக்காளி நாற்று பாத்தி பாத்தியாகச் சாய்ந்ததையும், சின்ன வெங்காயம் அடியழுகிப் பிடுங்கினால் கையோடு தாள் மட்டும் வந்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் சொல்லும் தீர்ப்பு இது. அவர்கள் பார்த்ததில் பிழையில்லை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை. பொடியை எந்தப் பரீட்சையில் தோற்றதாகச் சொல்கிறார்களோ, அந்தப் பரீட்சையில் ரசாயன மருந்தும் தேறியதில்லை. தேறியதாக ஒரு தோற்றம் இருக்கிறது, அவ்வளவுதான். எழுதவே வாய்ப்பில்லாதபடி ஒருவனை உட்கார வைத்துவிட்டு மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

அந்த மூன்று நாள் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

குழித்தட்டில் தக்காளி முளைத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதி நீர்கோத்து, நூல் போல மெலிந்து, நாற்று படுத்துவிடும். இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும். இன்று ஒரு குழி, நாளை அதைச் சுற்றி ஏழெட்டுக் குழி. தட்டின் மேல்பரப்பைப் பார்த்தால் பெரும்பாலும் பாசி படர்ந்து பச்சை கட்டியிருக்கும், அதாவது தண்ணீர் அதிகம். இதைக் கண்டதும் நாற்றுப்பண்ணைக்காரர் ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்கிறார். பூவாளியை ஓரிரு நாள் நிறுத்துகிறார். நிழல்வலையை விலக்கி வெயில் காட்டுகிறார். கார்பன்டசிம் ஊற்றுகிறார். மூன்றாம் நாள் சாய்வது நிற்கிறது. பெயர் மட்டும் மூன்றாவதற்குப் போகிறது.

நம் நாற்றங்கால்களில் இந்த நாற்றழுகலை அதிகம் உண்டாக்குவது பித்தியம் என்ற கிருமி. பார்வைக்குப் பூஞ்சாணம் போலவே இழைவிட்டு வளரும். ஆனால் அது உண்மையான பூஞ்சாணக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை, பாசிகளுக்கு நெருங்கிய உறவு. கார்பன்டசிம் உண்மையான பூஞ்சாணத்தின் செல் பிரிவதைத் தடுக்கிற மருந்து. பித்தியத்தை அது ஒன்றும் செய்யாது. இது ஏதோ ஆய்விதழ் மூலையில் கிடக்கும் ரகசியமில்லை, இளநிலை வேளாண் படிப்பின் பாடப்புத்தகத்தில் இருப்பது. ஆக, ஊற்றியது தண்ணீரில் கரைத்த நம்பிக்கை. நாற்றைக் காப்பாற்றியது ஈரம் குறைந்ததும், தண்டு முற்றியதும்தான்.

சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. கார்பன்டசிம் அந்த மண்ணில் இருக்கிற, உண்மையான பூஞ்சாணமான டிரைக்கோடெர்மாவை மிகச் சிறிய அளவிலேயே ஒடுக்கிவிடும். பித்தியத்துக்குப் போட்டியாக இருந்தவர்களை அடித்துவிட்டுப் பித்தியத்தை விட்டுவைத்தால் என்ன ஆகும்? 1975-இல் நைஜீரியாவில் தட்டைப்பயறு வயல்களில் அது பதிவானது. பெனோமில் உள்ளிட்ட இதே குடும்பத்து மருந்துகள் அடித்த செடிகளில் பித்தியம் உண்டாக்கும் தண்டழுகல் குறையவில்லை, கூடியது. ஐம்பது வருடப் பழைய செய்தி. நம் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"சரி, தப்பான மருந்து. பித்தியத்துக்கு மெட்டலாக்சில் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, வேலையும் செய்யும். பொடியை எதிர்ப்பவர்கள் பக்கத்தில் இருக்கிற நேர்மையான வாதம் இது ஒன்றுதான். ஆனால் மெட்டலாக்சில் புழக்கத்துக்கு வந்த சில வருடங்களிலேயே, 1980 வாக்கில், இஸ்ரேலின் வெள்ளரியிலும் அயர்லாந்தின் உருளைக்கிழங்கிலும் பித்தியத்தின் கூட்டத்தைச் சேர்ந்த கிருமிகள் அதற்கு மசியாமல் போயின. ஒரே இடத்தில் தாக்கும் மருந்துகளின் ஜாதகம் அப்படி. இன்னொரு கூத்தும் உண்டு. கார்பன்டசிம் திரும்பத் திரும்ப ஊற்றிய மண்ணில் அதைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, மருந்து வேகமாகச் சிதைந்துபோகிறது என்று 1985-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் எதுவும் சாதிக்காது என்று சொல்பவர் ஊற்றுகிற மருந்தை, அந்த நுண்ணுயிர்களே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கின்றன.

நட்ட வயலுக்கு வருவோம். காய் பிடித்த தக்காளி, கத்தரி வாடுகிறது. விவசாயி பொடி போட்டார், நிற்கவில்லை. "பார்த்தீங்களா?" என்கிறார். பார்த்தேன். எதைப் பார்த்தோம் என்பதுதான் கேள்வி. பியூசேரியம் என்ற பூஞ்சாணம் தரும் வாடல் என்றால், இலை தொங்குகிற நாளில் கிருமி வேரைத் தாண்டி, தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களில் குடியேறி வாரங்கள் ஆகியிருக்கும். அடித்தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தால் பட்டைக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடுவது தெரியும். அந்த நிலையில் பொடி காப்பாற்றாது. உண்மை. எந்த மருந்து காப்பாற்றுகிறது? கார்பன்டசிம் ஊற்றிப் பிழைத்ததாகக் காட்டப்படும் செடிகள் பெரும்பாலும் அந்த வரிசையில் நோய் வராமலே இருந்த செடிகள்.

அது பியூசேரியமாகவே இல்லாமலும் இருக்கலாம். வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, சுத்தமான தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில், வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் நிறத்தில் மெல்லிய இழைகள் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உலகத்தில் இருக்கிற எந்தப் பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினாலும் தண்டுக்குள் இருக்கிற அந்தப் பாக்டீரியாவுக்குக் கவலையில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் செலவில் தெரிந்துகொள்ளக்கூடிய இதைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் மருந்து ஊற்றிய வயல்கள் எத்தனை! வேர்முடிச்சு நூற்புழு துளைத்துக் கொடுத்த காயம் வழியாகப் பியூசேரியம் நுழைந்த வயல்கள் தனி. வேரைப் பிடுங்கி முடிச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் பொடியையோ மருந்தையோ திட்டுவது வெட்டி வேலை.

பொடி பக்கம் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறைய உண்டு. அதைச் சொல்லாமல் மேடையில், இதை ஊற்றினால் நோயே அண்டாது என்று முழங்குகிற இயற்கை வேளாண் அன்பர்களும் இந்த அவப்பெயரில் பங்காளிகள்தான். அவர்கள் கொடுத்த வாக்குறுதியைத்தான் விவசாயி சோதித்துப் பார்த்தார்.

பாக்கெட்டிலிருந்தே தொடங்கலாம். டிரைக்கோடெர்மா பொடியில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது பூச்சிக்கொல்லிப் பதிவு விதி. ஆலையை விட்டு வரும்போது இருக்கலாம். சூடோமோனாஸ் வித்து உண்டாக்காத பாக்டீரியா, டால்க் பொடியில் அதன் ஆயுள் சில மாதங்கள்தான், வெக்கையில் அதுவும் குறையும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில், சுண்ணாம்பு மூட்டைக்கும் களைக்கொல்லி டப்பாவுக்கும் நடுவே கிடந்த பாக்கெட்டை வாங்கிப் போட்டால் நீங்கள் போட்டது கடைக்காரர் சொன்ன அதே மாவுதான். அந்த வரையில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மாவாக்கியது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். பேசிலஸ் என்ற பாக்டீரியா மட்டும் வேறு ரகம். அது உறைவித்துக் கட்டிக்கொண்டு வெப்பத்தைத் தாங்கும். நம் ஊர்க் கடைகளுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

அடுத்தது அளவு. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நிலத்தில் இட எக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ தொழுவுரத்தோடு கலந்து போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு ஒரு கிலோ. கிராமுக்கு 20 லட்சம் என்றால் 2.5 கிலோவில் 500 கோடி வித்து. கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு எக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 2,000 டன், அதாவது 200 கோடி கிராம். வகுத்தால் ஒரு கிராம் மண்ணுக்கு இரண்டரை வித்து. அந்த ஒரு கிராமில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தொழுவுரத்தில் வளர்த்துப் பெருக்காமல், பாக்கெட்டைப் பிரித்து மணலில் கலந்து விசிறியவருக்குக் கிடைத்தது இந்த இரண்டரைதான்.

அதே ஒரு கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு வேண்டிய வீரிய ஒட்டுத் தக்காளி நாற்றை 98 குழித் தட்டுகளில் வளர்க்கத் தென்னை நார்க் கழிவு ஏறத்தாழ 100 கிலோ பிடிக்கும். அதில் இந்தப் பொடியைக் கலந்தால் கிராமுக்கு 20,000 வித்து. எட்டாயிரம் மடங்கு! செலவில் ஒரு பைசா கூடவில்லை. இடம் மட்டும் மாறியது. முளைக்கிற வேர் முதல் நாளே அதற்குள்தான் நீள வேண்டும், வேறு வழியில்லை. வேரிலிருந்து கசிகிற சர்க்கரையை முதலில் பந்தி போட்டுச் சாப்பிடுவது யார் என்பதில்தான் வேர் நோயின் முக்கால்வாசி தீர்மானமாகிறது. விதை நேர்த்தியும் நாற்று நனைப்பும் நிலத்தில் விசிறுவதைவிட மேலானவை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நிலத்திலும் போட வேண்டுமென்றால் முதலில் வளர்க்க வேண்டும். 100 கிலோ மக்கிய தொழுவுரத்துக்கு ஒரு கிலோ பொடி, தெளித்துவிட்ட ஈரம், மேலே மூடாக்கு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டல், மரத்தடி நிழல். வெள்ளையாக இழை ஓடிப் பிறகு கரும்பச்சையாக மாறும். பச்சை கண்டதும் பூரித்துவிட வேண்டாம், பச்சையாக வளரும் பூஞ்சாணங்கள் வேறும் உண்டு. நாற்றமெடுத்தாலோ, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டினாலோ அந்தக் குவியல் கெட்டது. பால் கொதிக்கும்போது உறைமோர் விட்டுவிட்டு, தயிர் தோயவில்லையே என்று மோரைக் குறை சொல்லும் வீடு எதுவும் கிடையாது. பொடியிடம் மட்டும் அந்த நியாயம் செல்லுபடியாகவில்லை. வெயில் கொளுத்தும் நண்பகலில் காய்ந்த மண்ணில் தூவுகிறோம். காலையில் டிரைக்கோடெர்மா, மாலையில் அதே சொட்டுநீர்க் குழாயில் கார்பன்டசிம் விடுகிறோம். தாமிர மருந்தையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் ஊற்றிய பாத்தியில் சூடோமோனாஸைத் தேடுகிறோம்.

எந்தப் பொடி எந்த மண்ணுக்கு என்பதும் யாரும் பேசாத சங்கதி. டிரைக்கோடெர்மாவுக்குச் சற்றுப் புளிப்பான மண் பிடிக்கும். 1930-களில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் வெய்ண்ட்லிங் என்ற ஆய்வாளர் எலுமிச்சைக் குடும்பத்து நாற்றுகளில் இதைச் சோதித்தபோதே, மண்ணைப் புளிப்பாக்கியதும் டிரைக்கோடெர்மாவின் கை ஓங்கியது தெரிந்துவிட்டது. கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் கார அமில நிலை எட்டைத் தாண்டும் சுண்ணாம்புச் செம்மண்ணும் கரிசலும் நிறைய. அங்கே சூடோமோனாஸோ பேசிலஸோ முன்னால் நிற்க வேண்டும், டிரைக்கோடெர்மா நாற்றங்கால் நார்க் கழிவோடு நின்றுகொள்ளலாம். மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துப் பொடி எழுதிக் கொடுத்த கடையோ அலுவலகமோ உண்டா?

இவ்வளவு பக்குவம் பார்த்துச் செய்தால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. நம்பிக்கையில் சொல்லவில்லை. வெய்ண்ட்லிங் 1932-இல் நுண்ணோக்கியில் கண்டது, டிரைக்கோடெர்மா இழை ரைசோக்டோனியா என்ற நோய்ப் பூஞ்சாணத்தின் இழையைக் கயிறு போலச் சுற்றிக்கொண்டு அதைச் சாகடிப்பதை. அது கண்ணாடித் தட்டில் நடந்தது, வயலில் நடக்குமா என்றால், பிரான்சின் தெற்கே ஷாத்தோரெனார் என்ற ஊரைச் சொல்ல வேண்டும். அந்த மண்ணில் முலாம்பழத்துக்குப் பியூசேரியம் வாடல் வராது. கிருமியைக் கொண்டுபோய் விட்டாலும் தலையெடுக்காது. 1970-களில் லூவே, அலபூவெட் போன்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த மண்ணைச் சூடாக்கிப் பார்த்தார்கள். காக்கும் குணம் போய்விட்டது. சூடாக்காத மண்ணைக் கொஞ்சம் எடுத்து அதில் கலந்தார்கள். குணம் திரும்பி வந்தது. சத்தோ, சுண்ணாம்போ, மண்ணின் வாகோ காரணமாக இருந்திருந்தால் இப்படிப் போய் வந்திருக்காது. காத்தது உயிர். அதிலும் முக்கியப் பங்கு, நோய் உண்டாக்காத பியூசேரியத்துக்கே. கிருமியின் பங்காளியே அதன் சோற்றைப் பிடுங்கித் தின்று, வேரில் இடம் விடாமல் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பிரித்தெடுத்த ஒரு வகை, எஃப்ஓ 47 என்ற பெயரில் இன்றும் உலகம் முழுக்க ஆய்வில் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் பக்கத்து ஊரில் சிப்பிக்காளான் வளர்ப்பவரிடம் டிரைக்கோடெர்மாவைப் பற்றிக் கேட்கலாம். வைக்கோலைச் சரியாக அவிக்காத பையில் பச்சைப் பூஞ்சாணம் புகுந்து காளான் இழையைத் தின்று தீர்ப்பதைப் பற்றி அவர் அழாத குறையாகச் சொல்வார். மாவுக்கு அவ்வளவு வலு கிடையாது.

அப்படியானால் ஏன் இந்தத் தீர்ப்பு இத்தனை உறுதியாக நிற்கிறது? பாதிக் காரணம் கடையின் பொருளாதாரம். ரசாயன மருந்து இரண்டு வருடம் அலமாரியில் இருக்கும், விற்காவிட்டால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும், விற்பனைக் கழிவும் அதிகம். பொடி சில மாதத்தில் செத்துவிடும், கடைக்காரர் தலையில் விழும். பெரும்பாலான விவசாயிகள் மருந்தைக் கடனுக்கு வாங்குகிறார்கள். கடன் கொடுப்பவர் காட்டுகிற டப்பாவை மறுக்க எத்தனை பேரால் முடியும்? மறுபுறம், பொடி பெரும்பாலும் அரசுத் திட்டத்தில் இலவசமாகவோ மானியத்திலோ வருகிறது. விதைப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து வரும். வந்ததை வீணாக்க மனமில்லாமல் வாடிய செடியின் அடியில் கொட்டுவார்கள். தோல்வி உறுதி. அந்தத் தோல்வியையும் சேர்த்துத்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது.

மீதிக் காரணம், வராத நோயை யாரும் பார்க்க முடியாது என்பது. நோய் வந்து ஊற்றிய மருந்துக்கு ஒரு காட்சி இருக்கிறது: முன்பு, பின்பு. நோய் வருவதற்கு முன் போட்ட பொடிக்குக் காட்சியே கிடையாது. நாற்று நன்றாக இருந்தால், இந்த வருஷம் நோயில்லை என்று சொல்லிவிட்டுப் போவோம். இதற்கு மருந்து ஒன்றுதான். பத்துத் தட்டில் எட்டுக்குப் பொடி கலந்து, இரண்டுக்குக் கலக்காமல், அடையாளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைக்க வேண்டும். தண்ணீர், வெயில், விதை எல்லாம் ஒன்றே. பிறகு சாய்ந்த நாற்றை எண்ண வேண்டும். பொடி ஆகாது என்று சொல்கிற எத்தனை பேர் இப்படி விட்டுவைத்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்? கார்பன்டசிம்முக்கும் இதே பரீட்சை வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அந்த மருந்தை ஊற்றாமல் இரண்டு தட்டு விட்டுவைக்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. அதனால்தான் அதன் பெயர் கெடவில்லை.

பொடிக்காக வாதாடுபவர்கள் கேட்க வேண்டியது மேடையும் விருதும் அல்ல. விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னால் சரக்கு வந்து சேர வேண்டும். பாக்கெட்டில் தயாரித்த தேதி பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். தயாரித்த அன்று எத்தனை வித்து என்பதைவிட, விற்கிற அன்று எத்தனை மிச்சம் என்று கடையிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். இப்போது மாதிரி எடுக்கிறார்கள், முடிவு வருவதற்குள் சரக்கு வயலுக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த இடத்தில் வைத்து விற்கிற கடைக்கு மட்டும் உரிமம் என்று ஒரு வரி சேர்த்தால் பாதிக் கடைகள் பொடி விற்பதை நிறுத்திவிடும். நிறுத்தட்டும். செத்த பொடி நூறு கடையில் கிடைப்பதைவிட உயிருள்ள பொடி பத்துக் கடையில் கிடைத்தால் போதும்.

"எல்லாம் சரிங்க, இப்ப வாடி நிக்கிற செடிக்கு என்னத்த ஊத்துறது?" என்று எங்கே பேசினாலும் கடைசியில் ஒருவர் கேட்பார். எதையும் ஊற்ற வேண்டாம். பொடியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வேர் மண்ணோடு தோண்டி, சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். செடியைத் தோண்டிய குழியைச் சுற்றி நிற்கும் செடிகளின் வேரில் மட்டும் நுண்ணுயிரைக் கொடுங்கள். அந்த வரிசைக்குப் பாய்ந்த தண்ணீர் அடுத்த வரிசைக்குப் போகாமல் வரப்பை அடைத்துவிடுங்கள், மண்வெட்டியைக் கழுவிவிட்டு மறு பாத்திக்குப் போங்கள்.